தண்ணீரைப் பார்க்கும் வேலை

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு டம்ளர் டீ ஆறிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலா என்கிற ஓடையைச் சுத்தம் செய்ய எங்கள் தெருக்காரர்கள் கூடும்போது எல்லாருக்கும் டீ வரும். குடித்து முடித்தவர்கள் இன்னொரு ரவுண்டு தேறுமா என்று பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார்கள். சித்தியின் டீ மட்டும் ஆடை கட்டி, அதில் எறும்பும் விழுந்து, அப்படியே இருக்கும். வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. குடிப்பதென்றால் கண்ணை டம்ளருக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு அவளுக்கு மனம் வராது. தண்ணீரைப் பார்ப்பதுதான் அவள் வேலை.

போர்ட் பிளேயரிலிருந்து புரோத்ராபூர் போகும் வழியில், ஒரு சரிவில் எங்கள் வீடுகள். சரிவின் அடியில் நாலா. மழைத் தண்ணீரும் சாக்கடையும் அதில்தான் இறங்கும். கொஞ்ச தூரம் போனதும் மாங்குரோவ் மரங்களுக்குள் புகுந்து கடலோடு சேர்ந்துவிடும். ஆகவே எங்கள் நாலாவுக்கு இரண்டு பக்கமும் வாய். நாங்கள் போடும் குப்பை கீழே போகும். கடல் ஏறும்போது ஊர் உலகத்தார் போட்ட குப்பை மேலே வரும். தாய்லாந்து எழுத்து, பர்மா எழுத்து, என்ன எழுத்தென்றே தெரியாத எழுத்து ஒட்டிய பாட்டில்களையெல்லாம் பொறுக்கியிருக்கிறோம். அதே வழியாக முதலையும் வரும். கோழிக்கழிவையும் மீன் குடலையும் தெருவே சேர்ந்து நாலாவில் கொட்டக் கொட்ட, அந்த வாடைக்கு அது மேலே மேலே வந்து பழகிவிட்டது. வனத்துறைக்காரர்கள் மஞ்சள் பலகை வைத்துவிட்டுப் போனார்கள். பலகையை யாரும் மதிக்கவில்லை. பட்டப்பகலில் ஒரு நாய் கத்தக் கத்த உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்குச் சுத்தத்தின் மேல் பற்று பொங்கிக்கொண்டு வந்தது.

அப்படித்தான் சஃபாய் கமிட்டி என்கிற துப்புரவுக் கமிட்டி பிறந்தது. அரசுக் கட்டிட வேலைகளில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் தலைவர். மதுரைப் பக்கத்து ஆள்; எதைச் செய்தாலும் ஒரு பேனர் கட்டிச் செய்ய வேண்டும் அவருக்கு. கேலி செய்தாலும் அவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது. வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் என்று ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத தெருவை உடைந்த ஹிந்தியில் திட்டித் திட்டியே வேலை வாங்கினார். வீடு வீடாகப் போய், கழிவை நாலாவில் போடாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள் என்று சொன்னோம். பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை தைத்துக் கொடுத்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து உறுதிமொழி எடுத்தோம். ஞாயிறுதோறும் நாலாவில் இறங்கினோம்.

இறங்கும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, கடல் சொல்லும். தண்ணீர் வற்றிக் கணுக்காலளவு நிற்கும்போதுதான் இறங்கலாம். ஒரு ஞாயிறு விடியலில் என்றால் அடுத்த ஞாயிறு உச்சி வெயிலில். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு கொதிக்கும் நேரம்கூட நிலாவைப் பொறுத்ததாகிவிட்டது. தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கினால் பாதி வேலையானாலும் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

சித்தி, என் அப்பாவின் தம்பி மனைவி. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே வந்து குடியேறியவர்கள். கல்யாணமாகிப் போர்ட் பிளேயர் வந்தாள். மெயின்லேண்டில் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பியபோது இனிக் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவே குனிந்து குப்பை பொறுக்கும்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. ஓவர்சியர் மாமா அவள் மனம் நோகாமலிருக்க, "தங்கச்சி, நீ பாலத்து மேல நின்னு தண்ணியப் பாத்துக்க, முதலை வந்தா சொல்லு" என்று ஒரு வேலை கொடுத்தார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவள் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் அங்கே நிற்பதைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். யாரோடும் பேச மாட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலே பதில் சொல்வாள். ஒருமுறை பக்கத்தில் போய் நின்று, அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டேன். "தண்ணியோட சேந்து போறதெல்லாம் குப்பை பாப்பா. போகாம நிக்கிதே, அதைத்தான் பாக்கணும்" என்றாள். சந்தேகம் தட்டினால் போதும், "நிக்லோ! சப் நிக்லோ!" என்று கத்துவாள். எல்லாரும் வெளியே வாருங்கள் என்பதைத் தமிழில் கத்தினால் பாதிப் பேருக்குப் புரியாது என்பதால் ஹிந்தி. வீட்டில் குழந்தையை அதட்டக்கூடக் குரல் எழும்பாதவள் அவள். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்றும் தெரியாது. எல்லாரும் அடித்துப் பிடித்துக் கரையேறுவோம். மரக்கட்டையாக இருக்கும். லாரி டயராக இருக்கும். ஒருமுறை யாரோ தூக்கிப் போட்ட தலையணை.

கேலி தொடங்கிவிட்டது. "முதலை இன்ஸ்பெக்டர்" என்று பேர் வைத்தார்கள். கச்சாலில் சுனாமியைப் பார்த்தவள், அதுதான் தண்ணீரைக் கண்டால் பயம் என்று காரணம் சொன்னார்கள். அதெல்லாம் வெறும் கதை. அதே கச்சாலில் அதே அலையைப் பார்த்த அவள் தங்கை கடற்கரையில் பாய் போட்டுத் தூங்குவாள். சித்திக்குப் பயம் தண்ணீரிடம் இல்லை. சொன்ன வேலையை விட்டுவிடுவோமோ என்பதுதான் அவள் பயம். இது எனக்கு அப்போதே புரிந்தது என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் புரிந்தது.

கேலியால் சங்கடப்பட்டவர் சித்தப்பா. ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். நீச்சலில் கெட்டிக்காரர். நாலாவில் முதலில் இறங்குவதும் கடைசியில் ஏறுவதும் அவர்தான். ஆழமான இடத்தில், மாங்குரோவ் வேர்களில் சிக்கியதை அறுத்து எடுப்பது அவர் வேலை. அவர் இறங்கும் இடத்துக்கு நேர்மேலே அவர் மனைவி நின்று கத்துவாள். கரையேறியதும் சுற்றியிருப்பவர்கள் ஏதாவது சொல்ல, அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அவருக்கு இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரியும்.

அந்த வருஷம் சுற்றுச்சூழல் தினத்துக்குப் பெரிய அதிகாரி ஒருவரைச் சீஃப் கெஸ்ட்டாக அழைத்தார் ஓவர்சியர் மாமா. எங்கோ கடலில் அறுந்த பெரிய மீன்வலை ஒன்று எங்கள் மாங்குரோவில் வந்து மாட்டி, நூற்றுக்கணக்கில் பாட்டில்களை வயிற்றில் அடைத்துக்கொண்டு மாதக்கணக்காகக் கிடந்தது. அதை அதிகாரி கண்ணெதிரே இழுத்து எடுப்பது என்று ஏற்பாடு. படம் பத்திரிகையில் வரும், அதைக் காட்டி ஒரு குப்பை வண்டி கேட்கலாம் என்பது மாமாவின் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது.

காலையில் தண்ணீர் வற்றும் நேரத்துக்கு நாங்கள் ஆஜர். கையுறை மாட்டி, தொப்பி போட்டு, பேனர் பிடித்து நின்றோம். பேனரின் ஒரு கம்பு என் கையில். சீஃப் கெஸ்ட் வரவில்லை. வருகிறார், கிளம்பிவிட்டார் என்று போன் மேல் போன். நாலா வற்றி, அடிச்சேறு தெரிந்து, வெயிலில் வாடை அடிக்கத் தொடங்கியது. இறங்கி முடித்துவிடலாமே என்று ஒரு வார்த்தை சொல்ல அத்தனை பேரில் ஒருவர் வாய் திறக்கவில்லை. வருஷம் முழுக்கக் கடல் சொன்ன நேரத்துக்கு எழுந்து வேலை செய்தவர்கள், அன்று ஒரு காருக்காகக் காத்து நின்றோம். இந்தத் தீவுக்காரர்களுக்கு மட்டுமே இப்படி ஒரு புத்தி போகும். எது வந்தாலும் ஏதோ ஓர் ஆபீஸிலிருந்துதான் வர வேண்டும் எங்களுக்கு: கப்பல், டிக்கெட், அரிசி, அனுமதி. ஆபீஸ் என்றால் காத்திருப்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. பாட்டில்கள் ஒவ்வொன்றாக மூக்கைத் திருப்பிக்கொண்டு மேல்நோக்கி மிதக்கத் தொடங்கின. கடல் திரும்பிவிட்டது. எல்லாரும் பார்த்தோம்.

சித்தி மட்டும் பாலத்திலிருந்து இறங்கி வந்து மாமாவிடம், "அண்ணே, தண்ணி ஏறுது. இன்னிக்கு வேணாம்" என்றாள். பத்து நிமிஷ வேலை தங்கச்சி, வலையை இழுத்துவிட்டால் முடிந்தது என்றார் மாமா. அதே நேரம் கார் வந்து நின்றது. பூமாலை, பேச்சு, கைதட்டல். அதிகாரியும் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக்கூடக் கேட்டார். பேச்சு முடிந்தபோது தண்ணீர் முட்டியைத் தாண்டியிருந்தது. சித்தப்பாவும் இன்னும் நாலைந்து ஆண்களும் கத்தியோடு இறங்கினார்கள்.

வலையின் ஒரு மூலையை அவர்கள் பிடித்ததும் சித்தி கத்தினாள். வழக்கம்போல எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். வேரில் மாட்டி நின்றது ஒரு பாக்குமரத் துண்டு. அதிகாரி சிரித்தார். அவருக்கு விளக்கம் சொல்லும் சாக்கில் மாமா ஹிந்தியில், இவர்தான் எங்கள் முதலை இன்ஸ்பெக்டர் என்று அறிமுகம் செய்தார். கேமரா வைத்திருந்த பையனும் சிரித்தான். சித்தப்பா முகம் கறுத்துவிட்டது.

மறுபடி இறங்கினார்கள். தண்ணீர் தொடையளவு. வலை அசைந்து கொடுக்கத் தொடங்கிய நேரத்தில் சித்தி இரண்டாவது முறை கத்தினாள். இந்த முறை யாரும் ஓடவில்லை. பாதி தூரம் வந்து திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் கலங்கிக் கிடந்தது, பாட்டில்கள் மிதந்தன, வேறொன்றும் இல்லை. மாமா பாலத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, "தங்கச்சி, போதும் விடும்மா. பெரியவங்க நிக்கிறாங்க" என்றார். ஆண்கள் தயங்கினார்கள். ஒரு நொடி எல்லாருடைய பார்வையும் சித்தப்பா மேல் இருந்தது. அவர் மனைவியாயிற்றே, அவர் என்ன செய்வார் என்று.

அவர் பாலத்தைப் பார்க்கவே இல்லை. கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு வலையை நோக்கித் திரும்ப நடந்தார். அவர் போனதும் மற்றவர்களும் போனார்கள்.

அதற்குப் பிறகு சித்தி கத்தவில்லை. படிகளில் இறங்கி வந்தாள். கூட்டத்தைத் தாண்டி, நல்ல நாளுக்கென்று கட்டியிருந்த சேலையோடு நேராகத் தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பு ஆபரேஷன் ஆனவள் சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து நடந்ததைப் பார்த்து யாரோ "அரே பாபி, பாபி" என்று அண்ணி முறை சொல்லி ஹிந்தியில் கூப்பிட்டார்கள். அவள் முட்டியளவுத் தண்ணீரில் நின்று சித்தப்பாவைப் பார்த்து, சத்தம் போடாமல் சொன்னாள்: "நீங்க ஏறுனா நானும் ஏறுறேன்."

கரையில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தோம். அதிகாரி, மாமா, கேமராக்காரப் பையன், பிள்ளைகள், எல்லாரும். சித்தப்பா அவமானத்தில் சிலையாக நின்றார். அப்போதுதான் நான் பாலத்தைப் பார்த்தேன். பாலத்தில் யாருமில்லை. தண்ணீரை யாருமே பார்க்கவில்லை.

பேனர் கம்பை எப்போது விட்டேனோ தெரியாது. படியேறி அவள் நிற்கும் இடத்தில் நின்றேன். மேலிருந்து பார்த்தால் நாலா வேறாகத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. பாட்டில், செருப்பு, மட்டை, நுரை எல்லாம் ஒரே பக்கமாக மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே, வலைக்கு அந்தப் புறம், மாங்குரோவ் நிழலில், இரண்டு சின்ன மேடுகள். அவை போகவில்லை. பாட்டில்கள் அவற்றின் இருபுறமும் விலகிப் போயின. அவை நின்றன. பிறகு தண்ணீரில் ஒரு கோடுகூட விழாமல் சித்தப்பா இருந்த பக்கம் கொஞ்சம் நகர்ந்தன.

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இரண்டாவது முறை திறந்தபோது "நிக்லோ" என்று ஒரு கிறீச்சொலி வந்தது. அது என் குரல் மாதிரியே இல்லை. ஆனால் எல்லாரும் கேட்ட மாத்திரத்தில் ஓடினார்கள். சித்தப்பா கத்தியைப் போட்டுவிட்டு, சித்தியை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு கரையில் வந்து விழுந்தார். விழுந்து எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது, சற்றுமுன் அவர் நின்ற இடத்தில், வலைக்கு இந்தப் புறம், முதுகு மெல்ல மேலே வந்தது. ஒரு டிங்கிப் படகின் நீளம் இருக்கும். அது அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தபடி கிடந்துவிட்டு அமிழ்ந்துபோனது. மாமா பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு புகழுக்குக் குறைவில்லை. மாமா வீட்டுக்கே வந்து, கண் கலங்கி, கையெடுத்துக் கும்பிட்டார். கமிட்டிக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதாக முடிவாயிற்று. சித்தி போகவில்லை. நான் அவளிடம், உன்னால்தான் எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொன்னபோது, "என் குரலுக்கு யாரு வந்தா? உன் குரல் புதுசு பாப்பா, அதான் வந்தாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பங்கரையில் அவளுக்குத் தெரியாமல் அழுதேன்.

தெரு சிரித்ததைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை என்பது முதலை வந்த அன்றே சாயங்காலம் தெரிந்தது. சித்தப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன். சித்தி சோறு போட்டபடியே கேட்டாள்.

"நான் கத்துனேன்ல. நீங்க ஏன் திரும்பி எறங்குனீங்க?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க" என்றார்.

"நானுந்தான் பாத்துட்டு இருந்தேன்."

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அவள் ரசம் ஊற்ற எடுத்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு சித்தி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. இடுப்பு வலி என்றாள். வேறு ஆள் தேடினோம். அவள் நின்ற இடத்தில் நிற்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பார்ப்பது சும்மா நிற்கும் வேலை என்று சொன்ன வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. வேலை நின்றுவிடும் போலிருந்தது. கோழிக்கழிவு மெல்ல மெல்ல மறுபடி நாலாவுக்கு வரத் தொடங்கியது. அப்போது ஒரு ஞாயிறு சித்தப்பா வந்தார். கையுறை போடவில்லை, கத்தி எடுக்கவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படியேறிப் பாலத்தில் நின்றுகொண்டார். தெருவின் முதல் நீச்சல்காரர் அதற்குப் பிறகு நாலாவில் இறங்கவே இல்லை.

இப்போது எங்கள் கமிட்டியில் நிறையப் புதுமுகங்கள். பார்ப்பவருக்கு ஆரஞ்சு நிறச் சட்டை உண்டு, விசில் உண்டு, முறை வைத்து ஆள் மாற்றுகிறோம். விசில் ஊதினால் இளவட்டங்கள் முதலில் நின்ற இடத்திலேயே திரும்பி எங்கே எங்கே என்று பார்க்கிறார்கள். சிலர் போனை நீட்டுகிறார்கள். பார்த்து, நம்பி, பிறகுதான் கால் நகர்கிறது. நான் கத்துகிறேன், திட்டுகிறேன், பல்லைக் கடிக்கிறேன். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கண்ணால் காணாததற்கு ஓடுவது யாருக்குமே கஷ்டம்தான். அதைத் தயங்காமல் செய்த ஒரே ஒருத்தியை எனக்குத் தெரியும்.

சித்தப்பா பாலத்தில் நிற்கத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் சித்தி வந்தாள். குனிய முடியாதவள் ஆகையால் ஒரு முக்காலியைத் தண்ணீர் ஓரமாகப் போட்டு, மேசை உயரத்துக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து, நாங்கள் கொண்டுவந்து போடும் பாட்டில்களைப் பிரித்துக் கொடுத்தாள். முதுகு நாலாவுக்கு. முகம் எங்கள் வீடுகள் இருந்த மேட்டுக்கு. பாலத்தையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. வேறு இடத்தில் உட்காரக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, "அதான் அவர் நிக்கிறாரே" என்றாள்.

அன்று அவர் கத்தினார். முதல்முறையாகக் கத்தினார். பழக்கமில்லாத குரல் நடுவில் உடைந்துபோனது. நாங்கள் எல்லாரும் கரைக்கு ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தோம். காய்ந்த தென்னம்பாளை ஒன்று வேரில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பாலத்தில் சித்தப்பா சுவரை இறுகப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவர் பார்வை பாளையின் மேல் இல்லை. சித்தி கையிலிருந்த பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு, முக்காலியில் கையூன்றி எழுந்து, திரும்பாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். மேலே போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னது பாப்பா அது?"